நீல லைட்டர்

ரீகாவில் டிசம்பர் என்றால் பகல் மூன்றரைக்கே
டிராம் பணிமனையின் விளக்குகளைப் போட்டுவிடுவார்கள்.
ஷிஃப்ட் முடிந்ததும் எல்லோரும்
மூன்றாம் கொட்டகைக்குப் பின்னால் போவார்கள்.
தகரக் கூரை, மணல் நிரப்பிய பெயின்ட் வாளி,
கழித்துப்போட்ட டிராமிலிருந்து பெயர்த்த இருக்கை ஒன்று.
நான் உள்ளே வெந்நீர்க் குழாயருகில்
தேநீர்ப் பையை முக்கி எடுப்பேன்,
முக்கி எடுப்பேன்.
அங்கே கதகதப்பு உண்டு. ஆள் இல்லை.

செய்தியெல்லாம் கொட்டகைக்குப் பின்னால்தான் பிறந்தது.
பதினோராம் தடத்தை யார் யாருக்கு மாற்றிக்கொடுத்தார்கள்,
புது மேற்பார்வையாளர் எந்தப் பக்கம் சாய்வார்,
ஒயார்ஸின் மகள் ஏன் டப்ளினிலிருந்து திரும்பிவிட்டாள்,
எல்லாம் வாளி மணலில் நசுங்கி அணைந்தபின்
ஆறிப்போய் என்னிடம் வரும்.
ட்ஸிந்த்ராவின் கணவர் இறந்தது எனக்கு
நான்காம் நாள் தெரிந்தது.
அதற்குள் அவளிடம் இரண்டு முறை கேட்டிருந்தேன்:
"வார இறுதி நன்றாகப் போனதா?"

யாருக்காவது பெயர்நாள் வந்தால் மேசையில் கேக்,
கறுப்பு பால்ஸம், கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குவளைகள்.
என் குவளையில் குழாய்த் தண்ணீர்.
இடித்துக்கொள்ளும்போது சத்தம் ஒன்றுதான்.
ஆனாலும் எல்லோர் கண்ணும்
என் குவளைக்குள் ஒருமுறை எட்டிப் பார்க்கும்,
கிணற்றில் எதையோ தவறவிட்டவர்கள்போல.

"மாத்திரை சாப்பிடுகிறாயா?" இல்லை.
"சபை எதிலாவது சேர்ந்துவிட்டாயா?" இல்லை.
"அப்பா குடித்தே செத்தாரா?"
இதற்காவது ஆம் என்றிருக்கலாம்.
தோளில் கை போட்டிருப்பார்கள்.
அப்பா சனிக்கிழமைகளில் ஒரு பீர் குடிப்பார்.
எண்பத்தொன்றில், சுத்தமான படுக்கையில், தூக்கத்தில் போனார்.
எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றேன்.
மேசை ஒரு கணம் அடங்கியது.
நோயை மன்னிப்பார்கள். விரதத்தையும்.
வெறும் பிடிக்காமையை என்ன செய்வதென்று
பாவம், அவர்களுக்குத் தெரியவில்லை.

ஜனவரியில், ரயிலடிப் பெட்டிக்கடையில்
நீல லைட்டர் ஒன்று வாங்கினேன்.
"சிகரெட் எது?" என்றாள் கடைக்காரி.
"லைட்டர் மட்டும்."
எதைக் கொளுத்தப் போகிறானோ என்று பார்த்தாள்.

கொட்டகைக்குப் பின்னால் முதல் நாள்
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
கோட்டுப் பையில் வைத்தேன்.
முதுகுக்குப் பின்னால் கட்டினேன், உடனே
சோதனைக்கு வந்த அதிகாரி போலாகிவிட்டேன்.
பேச்சு நின்றது.
ஸிக்மார்ஸ் வானிலை பற்றி ஏதோ சொன்னான்.
மைனஸ் பதினான்கில்
வானிலை பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ
டௌகாவா பக்கமிருந்து காற்று.
ட்ஸிந்த்ராவின் தீக்குச்சிகள் வரிசையாகச் செத்தன.
லைட்டரை எடுத்துப் பொருத்தி
மறுகையைச் சுடரைச் சுற்றிக் குவித்தேன்.
அவள் குனிந்தாள். என் உள்ளங்கை வெளிச்சத்தில்
ஒரு நொடி அவள் முகம் மட்டும்.
"நீ புகைப்பதில்லையே. இது எதற்கு?"
"மின்சாரம் போனால்" என்றேன்.
சிரித்தாள், இருமினாள்.
பிறகு, யாரும் கேட்காமலே,
அவர் கடைசியாகக் கேட்டது
ஊறுகாய் வெள்ளரிக்காய் என்றாள்.
"கடையில் அன்று தீர்ந்துபோயிருந்தது."
லைட்டரை அணைக்க மறந்துபோனேன்.
விரல் சுட்டது.

ஏப்ரலில் ஸிக்மார்ஸுக்கு மருத்துவர் தடை போட்டார்.
இப்போது வெந்நீர்க் குழாயருகில் அவன்.
கரண்டியை மேசையில் இடமிருந்து வலம் நகர்த்துகிறான்,
பிறகு வலமிருந்து இடம்.
நான் வெளியிலிருந்து வந்தால்
"என்ன விசேஷம்?" என்கிறான், நிமிராமலே.
சொல்கிறேன். ஒன்றுவிடாமல், சூடு ஆறாமல்.

நேற்று பாதியில் நிறுத்தச் சொன்னான்.
என் கோட்டின் கையைப் பிடித்திழுத்து
மூக்கை வைத்து
நீளமாக முகர்ந்தான்.
"ம்" என்றான். "மேலே சொல்."